புழு ஈட்டிய பொருள்

பருத்தி விதை உருவில் சிறியது. அதனைப் பிளந்து நோக்கின், மடிந்து கிடக்கும் வித்திலைகள் இரண்டும் அவற்றில் நிறைந்துள்ள எண்ணெயும் புலப்படும். மண்ணில் விழுந்த விதை வேரூன்றி, இலை விரித்து, கதிரவன் ஒளியில் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் பெறும்வரை இளஞ்செடிக்கு அவ்வெண்ணெயே உணவாகும். நெடுவழி செல்லும் மகனுக்குத் தாய் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோற்றைப் போன்றது அஃது.

இக்கட்டுச்சோற்றினை விரும்புவோர் மூவர். முளைக்கும் செடி முதலாவது; அதற்கே அஃது உரியது. உழவனும் அவன் வளர்க்கும் காளையும் இரண்டாமவர். அழையாது வரும் விருந்தாகிய புழு மூன்றாவது. புழு அவ்வெண்ணெயை உண்பது தன் பசி தீர்தற்பொருட்டு மட்டும் அன்று. பின்னர்த் தான் அடையப்போகும் பிற வடிவங்களின் பொருட்டும் அஃது உண்கின்றது. ஈட்டுவது ஒரு வடிவம். செலவிடுவது பிறிதொரு வடிவம். பூச்சிகளின் வாழ்வில் காணப்படும் இவ்வேற்பாடு வியத்தற்குரியது. உழவர்க்கோ இஃது அறிந்தே தீரவேண்டிய செய்தியும் ஆகும்.

கரிசலும் பருத்தியும்

தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டிக்கு அண்மையில் உள்ளது எட்டயபுரம். 1882-ஆம் ஆண்டில் மகாகவி பாரதியார் பிறந்த ஊர் என்பதனால் அதன் பெயரை அறியாதார் இலர். பாரதியாரின் தந்தையார் சின்னசாமி ஐயர் அவ்வூரில் பருத்தி ஆலை ஒன்றை நிறுவி நடத்த முயன்று, அம்முயற்சியில் கைப்பொருள் இழந்தவர். ஆலை அமைக்க அவ்வூரைத் தெரிந்தமைக்குக் காரணம் அந்நிலத்தின் இயல்பே. ஊரைச் சூழ்ந்த நிலம் கரிசல். ஆறும் கால்வாயும் நம்பாது வானத்தையே நம்பிய மானாவாரி நிலம். ஐப்பசி கார்த்திகைத் திங்களில் பெய்யும் மழையினைக் கரிசல் தன்னுள் தேக்கி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த பின்னரும் பல நாள் பயிருக்குச் சிறிது சிறிதாக வழங்கும். அவ்வீரத்தைக் கொண்டே வளரும் வன்மை பருத்திக்கு உண்டு.

கருங்கண்ணி, உப்பம் என்னும் நாட்டுப் பருத்தி வகைகள் நெடுங்காலம் இப்பகுதியில் பயிராயின. அவை திருநெல்வேலிப் பருத்தி என்னும் பெயரால் வெளிநாட்டுச் சந்தைகளிலும் அறியப்பட்டன. 1901-ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் தொடங்கப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணியினின்று பல தேர்ந்த வகைகளை உருவாக்கித் தந்தது. இந்நாளில் மக்காச்சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் மிகுந்து, பருத்தியின் பரப்புச் சுருங்கியுள்ளது. எனினும் கரிசற்காடு என்றவுடன் உள்ளத்தில் தோன்றுவது வெடித்துச் சிரிக்கும் பருத்தியே.

பருத்தியிலிருந்து பஞ்சைப் பிரித்தபின் எஞ்சும் கொட்டையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் உண்டு. அக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி உழவு மாடுகளுக்கு ஊட்டுவர். பாலெடுத்து வெல்லம் சேர்த்துப் பருத்திப்பாலாகப் பருகுவர். மாட்டுக்கும் மனிதர்க்கும் வலிவு தரும் அதே கொட்டையைத்தான் இளஞ்சிவப்புக் காய்ப்புழு நாடி வருகின்றது.

புழுவின் வயிற்றில் எண்ணெய்

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் தாய் ஓர் அந்துப்பூச்சி. அது பருத்தியின் மொட்டிலும் பிஞ்சிலும் முட்டையிடும். சில நாளில் வெளிப்படும் மயிரிழை போன்ற புழு காயைத் துளைத்து உட்புகும். புகுந்த துளை விரைவில் தூர்ந்துபோகும். ஆகவே வெளியே நின்று நோக்குவோர்க்குக் காய் பழுதற்றதாகவே தோன்றும். உள்ளே புழு ஒரு விதையை முடித்து மறு விதைக்குச் செல்லும். காய் வெடிக்கும் நாளில் கறைபடிந்த பஞ்சும் கூடாகிப்போன கொட்டையுமே உழவனுக்குக் கிடைக்கும்.

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா. ஆதலின் உண்ட எண்ணெயை உடலில் சேர்ப்பது எவ்வுயிர்க்கும் எளிய செயல் அன்று. மனிதரின் கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் எண்ணெயை நுண்துளிகளாகச் சிதைத்துச் செரிமானத்துக்கு உதவுகின்றது. பூச்சிகளுக்குக் கல்லீரலும் இல்லை, பித்தநீரும் இல்லை. இலையும் விதையும் தின்னும் புழுக்களின் நடுக்குடலில் உள்ள நீர் சோப்பு நீரைப்போலக் காரத்தன்மை உடையது. மேலும், உணவிற் பெற்ற கொழுப்பு அமிலத்தையும் தன் உடலிலுள்ள அமினோ அமிலத்தையும் இணைத்துச் சோப்பினை ஒத்த பொருள்கள் சிலவற்றைப் புழு ஆக்கிக்கொள்கின்றது. அவை எண்ணெயைத் துளிகளாக்க உதவுவன என்று அறிஞர் கருதுவர். அத்துளிகளின்மேல் லைப்பேசு என்னும் நொதி செயற்பட்டு, எண்ணெயைக் கொழுப்பு அமிலங்களாகவும் பிற சிறு கூறுகளாகவும் வெட்டிவிடும்.

இச்சோப்புப் பொருளே சில வேளைகளில் புழுவைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. ஒருவகைப் படைப்புழுவின் வாய்நீரில் இத்தகைய பொருள் ஒன்று உள்ளதை 1997-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கண்டறிந்தனர். மக்காச்சோள இலையில் ஏற்பட்ட காயத்தில் அப்பொருள் பட்டவுடன், அச்செடி தனி மணம் ஒன்றைப் பரப்புகின்றது. புழுவின் உடலில் முட்டையிட்டு அதனைக் கொல்லும் குளவிகள் அம்மணத்தை அறிந்து அவ்விடம் வந்து சேர்கின்றன. செடியிற் பெற்ற கொழுப்பைக் கொண்டு புழு செய்துகொண்ட கருவியே, செடி தன் காவலரை அழைப்பதற்கும் வாயிலாகின்றது.

ஓடமும் களஞ்சியமும்

குடலில் வெட்டுண்ட கொழுப்புக் கூறுகள் குடற்சுவரின் உயிரணுக்களில் மீண்டும் இணைக்கப்பட்டுக் குருதியிற் கலக்கின்றன. குருதியும் நீர்த்தன்மை உடையதே. அதில் எண்ணெய் மிதந்து திரண்டுவிடாமல் ஏற்றிச் செல்ல ஒரு புரத ஓடம் உண்டு. அதனை இலிப்போபோரின் என்பர். மனிதரின் குடலிலிருந்து கொழுப்பை ஏற்றிவரும் துகள்கள் சரக்கை இறக்கியபின் தாமும் விரைவில் மறைந்துபோகும். பூச்சியின் ஓடமோ குடலென்னும் துறையில் சரக்கேற்றிச் சேரிடத்தில் இறக்கிவிட்டு, அடுத்த சரக்கிற்காக மீண்டும் துறைக்கே திரும்புகின்றது. இதில் ஏறிச் செல்லும் கொழுப்பு, இரண்டு கொழுப்பு அமிலங்களைத் தாங்கிய தனி வடிவில் செல்லும் என்பதனை 1960-களில் சினோ, கில்பர்ட்டு முதலிய அறிஞர் ஆராய்ந்து தெளிவுபடுத்தினர்.

ஓடம் சேருமிடம் கொழுப்புத் திசு எனப்படும். புழுவைப் பிளந்தால் வெண்ணெய்த் திரள்போல வெள்ளியதாய்த் தோன்றுவது இதுவே. மனித உடலில் கல்லீரல் ஆற்றும் தொழிலையும் கொழுப்புப் படலம் ஆற்றும் தொழிலையும் இவ்வோர் உறுப்பே பூச்சியின் உடலில் ஆற்றுகின்றது. வந்து சேரும் கொழுப்பைக் கெட்டியாக அடுக்கி வைப்பதும், மிகுந்த சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றுவதும், வேண்டுங்காலத்து வேண்டுமளவு எடுத்து வழங்குவதும் இதன் கடமைகள். முதிர்ந்த புழு இத்திரளால் நிறைந்திருப்பதனாலேயே பருத்துத் தோன்றுகின்றது.

உணவே தரவேண்டிய பொருள்கள்

கொழுப்பில் பெரும்பகுதியைப் பூச்சி பிற உணவிலிருந்தும் ஆக்கிக்கொள்ள வல்லது. ஆயினும் சில பொருள்களை எப்பூச்சியும் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. அவற்றுள் தலையாயது ஸ்டீரால். கொலஸ்டிரால் என்று மருத்துவர் கூறும் பொருள் இவ்வகையைச் சேர்ந்தது. மனித உடல் அதனைத் தானே ஆக்கும்; பூச்சியின் உடல் ஆக்காது. கொலஸ்டிரால் இல்லா உணவில் ஈப்புழுக்கள் வளர்வதில்லை என்பதனை 1935-ஆம் ஆண்டில் ஹாப்சன் என்னும் அறிஞர் நிறுவினார். செடிகளில் உள்ள ஸ்டீரால் சற்று வேறானது. இலை தின்னும் புழுக்களுள் மிகப்பல அதனை உண்டு, வேண்டாப் பகுதியை நீக்கிக் கொலஸ்டிராலாக மாற்றிக்கொள்கின்றன. பருத்திக்கொட்டையின் சாற்றை உறிஞ்சும் செந்நிறப் பருத்திப்பூச்சியின் இனத்திற்கு அவ்வாறு மாற்றும் ஆற்றல் இல்லை. ஆதலின் அவ்வினம் கிடைத்ததைக் கிடைத்தவாறே கையாண்டு பிழைக்கின்றது.

இப்பொருள் எதற்கு வேண்டும் என்னும் வினா எழும். பூச்சியின் வெளித்தோல் விரிந்து வளராது. ஆதலின் பழைய தோலைக் கழற்றிப் புதிய தோலை அணிந்தே அது வளரவேண்டும். தோலுரிக்கும் காலத்தை அறிவிக்கும் இயக்குநீர் ஸ்டீராலிலிருந்து ஆவதே. 1954-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞராகிய பூட்டெனாண்ட், கார்ல்சன் ஆகிய இருவரும் 500 கிலோகிராம் பட்டுப்பூச்சிக் கூட்டுப்புழுக்களைச் சாறாக்கி, அதிலிருந்து 25 மில்லிகிராம் அளவே அவ்வியக்குநீரைப் பிரித்தெடுத்தனர். உண்ணும் கொழுப்பில் அச்சிறு பொருள் இல்லையேல் புழு தோலுரிக்காது. தோலுரிக்காத புழு வளராது.

மற்றொன்று லினோலியிக் அமிலம். இதனையும் பல அந்துப்பூச்சிகள் உணவிலிருந்தே பெறவேண்டும். மாவில் வாழும் அந்துப்பூச்சியின் புழுக்களை இவ்வமிலம் இல்லா உணவில் வளர்த்து, பிராங்கெல், புளூவெட் என்னும் அறிஞர் 1946-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அப்புழுக்களிலிருந்து அந்துப்பூச்சி செவ்வனே வெளிப்படவில்லை. வெளிப்பட்டவற்றின் இறகுகளும் குறையுற்றிருந்தன. புழுப் பருவத்தில் நேர்ந்த குறை, புழுவிடத்தே முழுதும் தோன்றாமல், பின்வரும் இறகில் தோன்றியது காண்க. பருத்திக்கொட்டை எண்ணெயிலோ ஏறத்தாழச் சரிபாதி லினோலியிக் அமிலமே. இறகுக்கு வேண்டிய பொருளைக் காய்ப்புழு குறைவறப் பெறுகின்றது.

மெழுகுக் கவசம்

உண்ட கொழுப்பில் ஒரு பகுதி மெழுகாக மாறித் தோலின்மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றது. உருவிற் சிறிய உயிர், வெயில் மிகுந்த நிலத்தில் தன் உடல்நீர் வற்றாது வாழ்வதற்கு அம்மெழுகே காரணம். நுண்ணிய தூளால் அப்பூச்சைத் தேய்த்து நீக்கினால், பூச்சி நீரிழந்து உலர்ந்து மாய்வதை 1945-ஆம் ஆண்டில் விக்கில்சுவொர்த் என்னும் ஆங்கில அறிஞர் சோதனையால் விளக்கினார்.

கரிசல் நாட்டு மக்கள் அதற்குப் பன்னாள் முன்னரே பயறு வகைகளில் சாம்பலைக் கலந்து குலுக்கையில் இட்டு வைத்தனர்; துவரையைச் செம்மண் நீரிற் புரட்டி வெயிலில் உலர்த்திப் பாதுகாத்தனர். சாம்பலும் மண்ணும் வண்டின் மெழுகைத் தேய்த்தும் உறிஞ்சியும் நீக்குவன. பயற்றின்மேல் அது முட்டையிடுவதையும் தடுப்பன. மெழுகின் பெயரை அறியாதவரும் அதனை அழிக்கும் வழியைப் பட்டறிவால் அறிந்திருந்தனர்.

கதவடைத்த வீடு

முதிர்ந்த புழு உணவை விடுத்துக் கூட்டுப்புழு ஆகின்றது. கூட்டுப்புழுவுக்கு வாய் இருந்தும் உண்ண இயலாது. கால் உறைக்குள் ஒடுங்கியிருத்தலின் நடக்க இயலாது. அஃது உள்ளிருப்போர் வெளியே வாராத, வெளியிலிருந்து காற்றன்றி ஒன்றும் உட்புகாத, கதவடைத்த வீடு. அவ்வீட்டினுள்ளே பழைய உறுப்புகள் பல கரைகின்றன. இறகும் கண்ணும் நெடிய கால்களும் புதியனவாக உருவாகின்றன. இத்துணைப் பெரிய திருப்பணிக்கு வேண்டும் எரிபொருளில் பெரும்பங்கு புழு ஈட்டி வைத்த கொழுப்பே.

கொழுப்பைச் சேமிப்பதில் இருவகைப் பயன் உண்டு. ஒரு கிராம் மாப்பொருள் எரிந்தால் ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றல் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கிலோகலோரி தரும். சிறிய உடலில் பெரிய சேமிப்பை அடக்குவதற்குக் கொழுப்பே ஏற்றது. இரண்டாவது பயன் நீர். கொழுப்பிலுள்ள ஐதரசன் மூச்சுக்காற்றின் ஆக்சிசனோடு சேர்ந்து நீராகின்றது. 100 கிராம் கொழுப்பு முற்றும் எரிந்தால் ஏறத்தாழ 107 கிராம் நீர் உண்டாகும். அதே எடையுள்ள மாப்பொருளிலிருந்து கிடைப்பது 55 கிராமே. ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழையே பெறும் கரிசலில், சித்திரை வெயிலில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போதும், மண்ணுக்குள் உறங்கும் கூட்டுப்புழு தன் குடிநீரைத் தன் உடலுக்குள்ளேயே வைத்திருக்கின்றது.

செந்நிறச் சான்று

கூட்டினின்று வெளிப்படும் காய்ப்புழு அந்துப்பூச்சி ஓரிரு வாரமே வாழும். அதற்குள் துணையைத் தேடிப் பறந்து முட்டையிட வேண்டும். பட்டுப்பூச்சியின் நிலை இதனினும் கடிது. முசுக்கட்டை இலையை இரவும் பகலும் தின்ற புழு, அந்துப்பூச்சியான பின் ஒருவாய் உணவும் கொள்வதில்லை. ஆயினும் பெண்பூச்சி நானூறு ஐந்நூறு முட்டைகள் இடுகின்றது. பூச்சி முட்டையின் உலர்ந்த எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரை கொழுப்பு ஆகும். அக்கொழுப்பும் புழு தின்ற இலையிலிருந்து வந்ததே.

புழு உண்ட கொழுப்பே அந்துப்பூச்சியின் உடலிலும் உள்ளது என்பதற்குக் கண்ணாற் காணத்தக்க சான்று ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்களைப் பெருந்தொகையாக வளர்க்கும் நிலையத்தில், எண்ணெயில் மட்டும் கரையும் செந்நிறச் சாயம் ஒன்றைப் புழுவின் உணவிற் சேர்த்தனர். சாயம் கொழுப்போடு கலந்து கொழுப்புத் திசுவிற் படிந்தது. புழு கூட்டுப்புழுவாகி, கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி, உடல் முழுதும் மாறிய பின்னரும் சாயம் மாறவில்லை. அந்துப்பூச்சியை நசுக்கிப் பார்த்தால் உள்ளே சிவந்திருந்தது. இவ்வாறு சாயம் ஊட்டப்பெற்ற வேறு சில அந்துப்பூச்சிகள் இட்ட முட்டைகளிலும் அந்நிறம் தோன்றியது. தந்தை தேடிய செல்வம் மகன் கையிலும் பெயரன் கையிலும் முத்திரை மாறாது விளங்குவது போன்றது இது.

மாவைக் கொழுப்பாக்கும் வண்டும் நெடுவழிப் பறக்கும் வெட்டுக்கிளியும்

எண்ணெய் மிகுந்த உணவு எல்லாப் பூச்சிக்கும் வாய்ப்பதில்லை. பாசிப்பயற்றிலும் துவரையிலும் கொழுப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே உண்டு. எனினும் பயறு வண்டின் புழு ஒரே பயற்றினுள் பிறந்து வளர்ந்து, அதன் மாப்பொருளைத் தின்று, அதிலிருந்து தனக்கு வேண்டிய கொழுப்பை ஆக்கிச் சேர்த்துக்கொள்கின்றது. குலுக்கையில் வெளிப்படும் வண்டு உணவு ஒன்றும் கொள்ளாமலே சில நாள் வாழ்ந்து, பயற்றின்மேல் முட்டைகளை ஒட்டிவிட்டு மடிகின்றது. பயற்றுக்குச் சிறிது எண்ணெய் தடவி வைக்கும் வழக்கம் வீடுகளில் உண்டு. அவ்வெண்ணெய் முட்டையின் மூச்சுத் துளைகளை அடைத்து உள்ளிருக்கும் கருவைக் கொல்லும். கொழுப்பைக் கொண்டு வாழும் உயிரைக் கொழுப்பைக் கொண்டே தடுப்பது இம்முறை.

சேமிப்பை விரைந்து செலவிடும் பூச்சிக்கு வெட்டுக்கிளி தக்க சான்று. பாலை வெட்டுக்கிளி பறக்கத் தொடங்கியவுடன் குருதியிலுள்ள சர்க்கரையை எரிக்கும். பயணம் நீண்டால் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். நெடும்பறத்தலுக்குக் கொழுப்பே முதன்மை எரிபொருள் என்பதனை 1952-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் வைசு-போகு விளக்கினார். களஞ்சியத்தின் கதவைத் திறக்கும் இயக்குநீரின் அமைப்பு 1976-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அது குருதியிற் கலந்தவுடன் கொழுப்புத் திசு கொழுப்பை விடுவிக்கும். முன்னர்க் கூறிய ஓடங்கள் அதனை இறகின் தசைகளுக்கு ஏற்றிச் செல்லும். 2020-ஆம் ஆண்டில் இராசத்தானத்திலிருந்து மத்தியப் பிரதேசம் வரையிலும் படையெடுத்த வெட்டுக்கிளிக் கூட்டங்களை நடத்தியது இவ்வெரிபொருளே.

கடல் கடந்த புழு

வெட்டுக்கிளி இறகால் நாடு கடந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ இறகு முளைக்கும் முன்னரே கடல் கடந்தது. அதற்குத் துணைநின்றதும் கொழுப்பே.

பகற்பொழுது குறுகி, குளிர் தொடங்கி, காய்கள் முதிர்ந்து எண்ணெய் நிறைந்திருக்கும் காலத்தில் வளரும் புழுக்களுட் பல உடனே கூட்டுப்புழு ஆவதில்லை. இரண்டு விதைகளைத் தன் வாயிழையால் ஒன்றாகப் பிணைத்து, அவற்றின் நடுவே குடைந்த அறையில் உணவின்றி உறங்கும். இவற்றை இரட்டை விதை என்பர். இவ்வுறக்கம் பல திங்கள் நீடிக்கும். ஓராண்டுக்கு மேலும் நீடிப்பது உண்டு. குளிர் மிகுந்த நாடுகளில் இங்ஙனம் உறங்கும் புழுக்கள் மிகுதி. வெப்பம் மிகுந்த தென்னாட்டில் குறைவு. உறங்கும் காலத்தில் மூச்சு மெலிந்து நடக்கும். கொழுப்பும் மெல்ல மெல்லவே செலவாகும்.

இந்தியாவிலிருந்து பருத்தி விதை கப்பல் ஏறியபோது இப்புழுவும் அதனுள் உறங்கியவாறே சென்றது. 1906, 1907-ஆம் ஆண்டுகளில் எகிப்து நாட்டை அடைந்தது. அங்கிருந்து விதையோடு 1911-இல் மெக்சிகோவை எட்டியது. 1917-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சாசு மாநிலத்தில் காணப்பட்டது. உண்ணாமலும் பருகாமலும் மாக்கடல்களைக் கடக்க ஒரு சிறு புழுவால் இயன்றது எனின், அதற்கு முன் அது தின்ற ஒன்றிரண்டு விதைகளின் எண்ணெயே அப்பயணத்திற்கு முதலாக இருந்தது.

உழவர் கையிலுள்ள திறவுகோல்

பூச்சி எப்பொழுது ஈட்டுகின்றது, எங்கே சேர்த்து வைக்கின்றது, எப்பொழுது சேமிப்பை மட்டும் நம்பி வாழ்கின்றது என்பவற்றை அறிந்தால் அதனை அடக்கும் வழியும் புலப்படும்.

ஈட்டும் காலத்தில் தாக்குவது ஒரு வழி. 2002-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் பயிராகும் பி.டி. பருத்தி இவ்வழியைச் சார்ந்தது. அச்செடியில் உண்டாகும் நச்சுப்புரதம் புழுவின் நடுக்குடற் சுவரைச் சிதைக்கின்றது. உணவு உடலிற் புகும் வாயிலே அழிதலின் புழு உண்ணாது மடிகின்றது. ஆயினும் இவ்வழியை மட்டும் நம்பியிருத்தல் தகாது என்பதும் விளங்கியது. நச்சைத் தாங்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்கள் தோன்றிய செய்தி 2010-இல் குசராத்திலிருந்து வெளிவந்தது. இரண்டு நச்சுப்புரதங்கள் உடைய பருத்தியையும் பின்னர் அவை வென்றன. 2017-ஆம் ஆண்டில் மகாராட்டிர மாநில உழவர் பெருஞ்சேதம் உற்றனர்.

உறங்கும் காலத்தில் தாக்குவது மற்றொரு வழி. அதுவே பழைய வழியும் ஆகும். 1919-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பயிர்ப் பூச்சி நோய்த் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அறுவடை முடிந்த கம்போடியாப் பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும் என்று கோயம்புத்தூர்ப் பகுதியில் அச்சட்டத்தின்வழி ஆணையிட்டனர். காய்ந்த பருத்திமாரை அடுப்பெரிக்கப் பல திங்கள் வீட்டோரம் அடுக்கி வைப்பது சிற்றூர் வழக்கம். அம்மாரில் ஒட்டியிருக்கும் வெடியாக் காய்களே புழுவின் துயிலறைகள். அக்காய்களை ஆய்ந்து எரித்துவிட்டு மாரை மட்டும் அடுக்கினால் அடுப்பும் எரியும். அடுத்த ஆண்டுப் பருத்தியும் பிழைக்கும். விதைக்கு வைத்த கொட்டையைக் கோடை வெயிலில் மெல்லப் பரப்பி உலர்த்தினால் இரட்டை விதைக்குள் உறங்கும் புழு வெப்பத்தால் மாயும். கோடை உழவு செய்தால் மண்ணுள் கிடக்கும் பிற கூட்டுப்புழுக்கள் மேலே புரண்டு வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். கதவடைத்த வீட்டிலிருக்கும் உயிர் ஓடி ஒளியவும் இயலாது. இழந்த பொருளை மீண்டும் ஈட்டவும் இயலாது.

அமெரிக்க ஐக்கிய நாட்டார் ஒரு வழியையே பற்றாது பல வழிகளையும் இணைத்தனர். அறுவடைக்குப்பின் செடிகளை அழித்தனர்; பி.டி. பருத்தியைப் பயிரிட்டனர், ஆண் அந்துப்பூச்சிகளை மயக்கும் மணப்பொருளைப் பரப்பினர், கதிர்வீச்சால் மலடாக்கிய அந்துப்பூச்சிகளை வானூர்தியிலிருந்து தூவினர். பொறியில் அகப்பட்ட பூச்சி விடுத்த பூச்சியோ, வயலில் பிறந்த பூச்சியோ என்பதனைக் காட்டியது முன்னர்க் கூறிய செந்நிறமே. உள்ளே சிவந்தது விடுத்தது. சிவவாதது வயலில் பிறந்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் பொருத பின்னர், தம் நாட்டுப் பருத்தி நிலங்களிலிருந்து இப்புழு ஒழிந்தது என்று 2018-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அறிவித்தது.

பருத்திக்கொட்டையில் உள்ள எண்ணெய் ஒன்றே. அது முளைக்குச் சென்றால் செடியாகும். காளைக்குச் சென்றால் உழவாகும். புழுவுக்குச் சென்றால் இறகாகி, முட்டையாகி, அடுத்த ஆண்டின் இழப்பாகும். மாசி பங்குனியில் எடுப்பு முடிந்து, காடு வெறுமையாய்த் தோன்றும் காலத்தில் வேலை முடிந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் உலர்ந்து தொங்கும் ஒரு காய்க்குள், இரண்டு விதைகளின் நடுவே, அடுத்த ஆண்டுக்கு வேண்டிய முதலோடு புழு காத்திருக்கக்கூடும். அக்காயைக் கையால் ஆய்ந்து தீயில் இடுவது சிறு தொழிலே. கரிசல் உழவனின் அடுத்த விளைச்சலுக்கு அச்சிறு தொழிலே முதற்காவலாகும்.